மிக்ஸிக்குப் பயந்து அம்மியில் அரைத்த பெரியம்மா: பேஸ்மேக்கரும் வீட்டு மின்சாதனங்களும்

பெரியம்மாவுக்கு, இதயத் துடிப்பு குறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் கருவியை வைத்து வீட்டுக்கு அனுப்பிய பத்தாவது நாள் பார்க்கப் போயிருந்தேன். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு மேடை மூலையில் கிடந்தது. ஏன் என்று கேட்டால், "மிக்ஸி பக்கத்துல போனா மெஷின் நின்னுடும்னு எதிர்வீட்டுல சொன்னாங்கப்பா" என்கிறார்.

அன்றைக்கு அந்த வீட்டில் அவருக்கு ஆகாத பொருள் ஒன்று இருந்தது என்றால் அது அந்த அம்மிதான். கருவியிலிருந்து புதிதாகச் செருகிய வயர் இதயத்தின் உட்சுவரோடு பிடிப்பாக ஒட்டிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனமான வேலை செய்யக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருந்தது. குழவியை இழுத்துத் தள்ளுவது எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயப்பட வேண்டாததற்குப் பயந்து, செய்யக் கூடாததைச் செய்துகொண்டிருந்தார்.

பேஸ்மேக்கர் வைத்த பல வீடுகளில் இதுதான் கதை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஆளுக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, உள்ளே இருக்கும் கருவி என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நாமே பதில் சொல்லிவிடலாம்.

அது கேட்கிறது, அப்புறம்தான் பேசுகிறது

நம் இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு தசைமுடிச்சு இருக்கிறது. அதில் பிறக்கும் மின்துடிப்புதான் மேலிருந்து கீழ்வரை பரவி இதயத்தைச் சுருங்க வைக்கிறது. வயதாலோ நோயாலோ அந்த முடிச்சு சோர்ந்துபோனால், அல்லது துடிப்பு கீழே இறங்கும் வழியில் அடைப்பு வந்தால், நாடி நாற்பது, முப்பது என்று இறங்கிவிடும். தலைசுற்றல், மயக்கம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குதல் எல்லாம் அதனால் வருபவை.

பேஸ்மேக்கர் என்பது காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம், தோலுக்கு அடியில் வைக்கப்படும் ஒரு சின்ன டைட்டேனியம் டப்பா. எடை 20 முதல் 30 கிராம் இருக்கும். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு மின்சுற்று. அதிலிருந்து ஒன்றிரண்டு வயர்கள் ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன. டாக்டர்கள் 'லீட்' என்று சொல்வது அந்த வயரைத்தான்.

பலர் நினைப்பதுபோல இது கடிகாரம் மாதிரி ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பதில்லை. முதலில் கேட்கிறது. இதயம் தானாகத் துடித்துவிட்டால் சும்மா இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் துடிப்பு வரவில்லை என்றால்தான் ஒரு சிறு மின்தூண்டலைக் கொடுக்கிறது. அது கேட்கும் ஒலி மிக மெல்லியது. இதயம் துடிக்கும்போது அந்த வயரில் எழுவது சில மில்லிவோல்ட்தான். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரியே 1,500 மில்லிவோல்ட்.

இவ்வளவு கூர்மையான காது இருப்பதால்தான் சிக்கலும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை இதயத் துடிப்பு என்று அது தவறாக எண்ணிவிட்டால், "இதயம் நன்றாகத்தானே துடிக்கிறது" என்று தன் வேலையை நிறுத்திவிடும். கருவியையே முழுக்க நம்பியிருப்பவருக்கு அந்தச் சில நொடிகள் மயக்கம் தரலாம். இதைத் தெரிந்தே வடிவமைத்திருக்கிறார்கள். இரைச்சல் தொடர்ந்து வந்தால், இது துடிப்பல்ல என்று கருவி கண்டுகொண்டு, கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பித்துவிடும். ஆளைக் கைவிடாமல் இருக்க அது ஒரு ஏற்பாடு.

கருவி குழம்ப இன்னொரு வழியும் உண்டு. கருவிக்குள் காந்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. டாக்டர்கள் பேட்டரியைச் சோதிக்கவும், அறுவை சிகிச்சையின்போதும் நெஞ்சின் மேல் காந்தம் வைப்பதற்காகவே கொடுத்த வசதி அது. சுமார் 10 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவு காந்தப்புலம் பட்டாலே அது விழித்துக்கொள்ளும். பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய அரை காஸ்தான் என்பதால் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நெஞ்சோடு ஒட்டிய ஒரு சின்ன காந்த வில்லை போதும். காந்தம் பட்டால் சாதாரண பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்காமல் ஒரே சீராகத் தட்டும். காந்தத்தை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஐசிடி வைத்தவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஐசிடி என்பது ஆபத்தான வேகத்தில் இதயம் ஓடினால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றும் கருவி. பார்க்க பேஸ்மேக்கர் போலவே இருக்கும். காந்தம் பட்டால் அது ஷாக் கொடுக்கும் வேலையை நிறுத்திவைக்கும். மின் இரைச்சல் பட்டால் நேர்மாறாக, தேவையில்லாமல் ஷாக் கொடுத்துவிடலாம். நமக்கு வைத்திருப்பது இரண்டில் எது என்று பலருக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை போகும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

தூரம் என்னும் மருந்து

சின்ன காந்தமோ, சின்ன மின்சுருளோ, அதன் புலம் தூரம் போகப் போகப் படுவேகமாகக் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் புலம் பாதியாகாது. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கு தள்ளினால் இருபத்தேழில் ஒன்று. அதனால்தான் எந்த ஆலோசனையை எடுத்துப் பார்த்தாலும் 15 செ.மீ., 30 செ.மீ. என்று சின்னச் சின்ன அளவுகளாக இருக்கின்றன. பதினைந்து செ.மீ. என்பது பள்ளிப் பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கும் ஸ்கேல். அவ்வளவுதான்.

மிக்ஸி, கிரைண்டர், டிவி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி, சாதாரண எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் எல்லாம் இந்த ஸ்கேல் கணக்கில் அடங்கிவிடும். மிக்ஸியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாரும் சட்னி அரைப்பதில்லை. ஹேர் டிரையர், எலக்ட்ரிக் ஷேவர் போன்றவற்றையும் பயன்படுத்தலாம், டப்பாவின் மேலே கொண்டுபோகாமல் இருந்தால் சரி. டிரில் போன்ற கருவிகளை ஓர் அடி தள்ளிப் பிடிக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அவன் பற்றிய பயம் பழைய கதை. 1958இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தபோது, ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து ரெசினை ஊற்றி அதை வார்த்தெடுத்தாராம். உலோக உறை கிடையாது. உலோக உறையில்லாத அந்தக் காலத்துக் கருவிகளுக்கு மைக்ரோவேவ் பற்றிக் கவலைப்பட நியாயம் இருந்தது. இன்றைய டைட்டேனியம் உறை அதைத் தடுத்துவிடுகிறது. கதவு சரியாக மூடும் மைக்ரோவேவ் அடுப்பை எல்லோரும்போலப் பயன்படுத்தலாம். (அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. லார்சனோ அடுத்தடுத்து 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, 86 வயதில் 2001இல்தான் காலமானார்.)

சமையலறையில் உண்மையாகவே யோசிக்க வேண்டியது இன்டக்‌ஷன் ஸ்டவ். அதன் கண்ணாடிக்கு அடியில் இருப்பது பெரிய மின்சுருள். நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கித்தான் அது பாத்திரத்தைச் சூடாக்குகிறது. இதற்கு ஸ்டவ்வுக்கும் கருவிக்கும் நடுவே 60 செ.மீ., அதாவது இரண்டடி தூரம் வேண்டும் என்பது பொதுவான ஆலோசனை. மேடைமுன் குனிந்து நின்று கிண்டும்போது இந்தத் தூரம் கிடைப்பதில்லை. அதனால் அடுப்பை மேடையின் உட்பக்கம் தள்ளி வைத்து, அரையடி பின்னால் நின்று சமைக்கலாம். பாத்திரம் வட்டத்தை முழுதாக மூடுகிற அளவு இருக்க வேண்டும், நடுவில் இருக்க வேண்டும். சின்ன டம்ளரை ஓரமாக வைத்துப் பால் காய்ச்சினால்தான் புலம் அதிகமாக வெளியே சிதறும். இரும்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் கிண்டாமல் மரக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்திலிருந்து கை வழியாகச் சிறு மின்சாரம் கசிய வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால், வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும்போது இந்த அளவையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம். இன்டக்‌ஷனை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

செல்போன் பற்றி

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1997இல் அமெரிக்காவில் 980 நோயாளிகளிடம் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறை செல்போனைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒரு சோதனையில் ஏதோ ஒரு குறுக்கீடு தெரிந்தது. அந்த எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆய்வில், போனை வழக்கம்போலக் காதில் வைத்துப் பேசியபோது கவலைப்படும்படி எதுவும் நடக்கவில்லை என்று இருந்ததை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு போனும் மாறிவிட்டது, கருவிகளில் வடிகட்டிகளும் மேம்பட்டுவிட்டன.

செல்போன் அலை நொடிக்குப் பல கோடி முறை அதிர்வது. இதயத்தின் மின்துடிப்பில் இருப்பதோ நொடிக்கு ஏறக்குறைய 10 முதல் 100 அதிர்வுகள். யானைப் பிளிறலுக்கும் கொசு ரீங்காரத்துக்கும் உள்ளதைவிடப் பெரிய வித்தியாசம். கருவி அதைச் சுலபமாக வடிகட்டிவிடும். வைஃபை, புளூடூத் கதையும் அதுவேதான்.

ஆகவே போனைக் கருவிக்கு எதிர்ப்பக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள், சட்டையின் இடப்பக்கப் பையில் போடாதீர்கள். நம் சட்டைகளுக்குப் பை இருப்பதே இடப்பக்கம்தான் என்பது ஆண்களுக்கு ஒரு சங்கடம். பேன்ட் பைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். படுத்துக்கொண்டு போனை நெஞ்சின் மேல் வைத்துத் தூங்கிப்போகும் பழக்கமும் வேண்டாம்.

இப்போது போனில் கவனிக்க வேண்டியது அலையைவிடக் காந்தம். 2020 கடைசியில் வந்த ஐபோன் 12இன் முதுகில், சார்ஜரை ஒட்டிக்கொள்வதற்காக ஒரு காந்த வளையம் வைத்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை டாக்டர்கள், அந்த போனை நெஞ்சருகே கொண்டுபோனதும் ஒரு நோயாளியின் ஐசிடி தன் சிகிச்சை வேலையை நிறுத்திவைத்ததைப் பதிவு செய்தார்கள். போனை 15 செ.மீ. தள்ளியும், வயர் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ. தள்ளியும் வைக்கச் சொல்வது ஐபோனைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே.

காந்தம் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு பல. காதில் மாட்டும் இயர்போனால் ஒன்றும் ஆகாது, ஆனால் கழற்றி நெஞ்சில் தொங்கவிட்டால் அதிலுள்ள காந்தம் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிடும். குறைந்தது 3 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். வங்கியிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்தாமல் ஒட்டிக்கொள்ளும் பெயர் பேட்ஜுக்கு உள்ளேயும் காந்தம்தான். அதையும் இடப்பக்க மார்பில்தான் மாட்டுவோம். பின் வைத்த பேட்ஜ் கேளுங்கள். திருவிழாவில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் சாய்ந்துகொண்டு கச்சேரி கேட்க வேண்டாம். காதுக்கும் அது நல்லதில்லை. 'காந்த சிகிச்சை' மெத்தை, மாலை எல்லாம் வேண்டவே வேண்டாம்.

யாரும் சொல்லாத எதிரி

மேலே சொன்ன வடிகட்டிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். இதயத்தின் ஒலி 10 முதல் 100 அதிர்வுக்குள் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் எத்தனை? 50. கருவி காதைத் திறந்து வைத்திருக்கும் அதே இடத்தில் வந்து விழுகிறது. செல்போன் அலையைத் தள்ளிவிடுவதுபோல இதைத் தள்ளிவிட முடியாது.

காற்றில் வரும்போது பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பு வழியாக ஓடும்போதுதான் விவகாரம். "ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது, செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்று எத்தனை வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம்! நல்ல உடம்புக்காரருக்கே அது எச்சரிக்கை. பேஸ்மேக்கர், அதிலும் ஐசிடி வைத்தவருக்கு, கையில் சுர்ரென்று உணராத அளவு கசிவுகூடக் கருவியைக் குழப்பப் போதும். எர்த் சரியில்லாத வாஷிங் மெஷினில் கசிந்த மின்சாரத்தை ஆபத்தான இதயத் துடிப்பு என்று நம்பி ஐசிடி ஷாக் கொடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பெரியம்மா வீட்டில் செல்போனைப் பூஜையறைப் பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். கிரைண்டர் பிளக்கிலோ, சாக்கெட்டில் நுழையவில்லை என்று மூன்றாவது பின்னை வெட்டி எறிந்திருந்தார்கள். எர்த் என்பதே அந்த மூன்றாவது பின்தான்.

பேஸ்மேக்கர் வைத்து ஆள் வீடு திரும்புவதற்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு மூன்று பின் சாக்கெட்டிலும் எர்த் உண்மையில் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எர்த் குழி வீட்டுக்குப் பின்னால் எங்கே புதைந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மாட்டிவிடுங்கள். அது பெரிய கசிவில் விழுந்து உயிரைக் காக்கும். ஆனால் அதற்கும் கீழே உள்ள சிறு கசிவை அது கண்டுகொள்ளாது என்பதால் எர்த்துக்கு அது மாற்றாகாது. வாட்டர் ஹீட்டர் சுவிட்சை அணைத்த பிறகே குளிக்க வேண்டும். வாளியில் போடும் ஹீட்டர் ராடைத் தூக்கி எறிந்துவிடலாம். ஊரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஈரக் காலோடு பம்புசெட் மோட்டாரைத் தொடக் கூடாது. இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் நல்லதுதான் என்பதால் செலவைப் பற்றி யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

வெளியே போகும்போது

கோயில் வாசல், மால், மெட்ரோ ஸ்டேஷன், விமான நிலையம் எங்கும் இருக்கும் மெட்டல் டிடெக்டர் வாசலைச் சாதாரணமாக நடந்து கடக்கலாம். அதன் நடுவே நின்று பேசிக்கொண்டிருக்கவோ, மீது சாயவோ கூடாது. தரிசன வரிசை அந்த வாசலுக்குள்ளேயே நின்றுபோனால் ஓரமாக விலகிவிடுங்கள். துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் திருட்டுத் தடுப்புக் கம்பங்களுக்கும் இதே விதி. கையில் வைத்துத் தடவும் மட்டை வடிவ டிடெக்டரை மட்டும் நெஞ்சின் மேல் நிறுத்தி வைக்க விடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அடையாள அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வண்டி ஓட்டுவது பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் வண்டியில் போவதில் மின் சிக்கல் இல்லை. ஓடும் இன்ஜின் மேல் குனிந்து பார்ப்பதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சில கருவிகள் உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டிக் கொடுக்கும். குண்டும் குழியுமான சாலையில் பேருந்து குலுக்கும்போது நாடி கொஞ்சம் கூடினால், நீங்கள் நடக்கிறீர்கள் என்று அது நினைத்துக்கொண்டது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம்.

வெல்டிங் பட்டறையிலோ, கோவைப் பக்கத்து வார்ப்பாலைகளில் இன்டக்‌ஷன் ஃபர்னஸ் அருகிலோ வேலை செய்பவர்கள், இந்தக் கட்டுரையை நம்பி வேலைக்குத் திரும்பாதீர்கள். கருவியின் மாடலையும் வேலையிடத்து விவரத்தையும் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொள்ளலாம். அதன் சார்ஜரிலும் சில பட்டைகளிலும் காந்தம் இருப்பதால் நெஞ்சருகே வேண்டாம். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து சொல்லும் வாட்ச் வசதியும், வெறுங்காலோடு ஏறி நிற்கும் கொழுப்பு அளக்கும் எடை மெஷினும் உடம்புக்குள் சிறு மின்சாரத்தை ஓட்டித்தான் அளக்கின்றன. அதைத் தயாரித்தவர்களே பேஸ்மேக்கர்காரர்கள் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். வலிக்காக மின்துடிப்புக் கொடுக்கும் பிசியோதெரபிக் கருவிகள், தொப்பை குறைக்கும் எலக்ட்ரிக் பெல்ட், ஊருக்கு ஊர் கடை போட்டு இலவசமாகப் படுக்க வைக்கும் மசாஜ் கட்டில் ஆகியவற்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குள் போனால் வேறு விஷயத்துக்காகப் போனாலும் முதல் வார்த்தையாகப் பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேவும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் பிரச்சினை இல்லை. எம்ஆர்ஐ எடுக்க ஏற்ற கருவிகள் பல ஆண்டுகளாகவே வந்துவிட்டன. ஆனால் எடுப்பதற்கு முன் கருவியை அதற்கான நிலையில் மாற்றி வைத்து, முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். உங்கள் மாடல் ஏற்றதா என்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

எந்தச் சாதனத்தின் அருகிலாவது தலைசுற்றினால், படபடப்பு வந்தால், ஆராய்ச்சி செய்துகொண்டு நிற்காமல் இரண்டடி விலகுங்கள். பெரும்பாலும் விலகியதும் சரியாகிவிடும். சரியானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கருவிக்குள் நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும், அவர் பார்த்துச் சொல்வார். ஐசிடி ஷாக் கொடுத்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து அடித்தாலோ, ஒரே ஒரு ஷாக்குக்குப் பிறகும் மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

அட்டையை எப்போதும் கூடவே வைத்திருங்கள் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது பத்திரமாகவே வைத்திருந்தார், மகள் வாங்கிக் கொடுத்த புதுக் கைப்பையில். பையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினார். 'டக்' என்று திரும்ப மூடிக்கொண்டது. காந்த பட்டன். இப்போது ஜிப் வைத்த பை வைத்திருக்கிறார்.